பட்டை சொல்லும் எண்ணும் உடம்பு செய்யும் வேலையும்: மறுவாழ்வுப் பயிற்சியில் அணியும் சென்சார்கள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவரின் தொடையில் ஒன்றும் கெண்டைக்காலில் ஒன்றுமாக இரண்டு சின்னப் பட்டைகளைக் கட்டி, "இதைப் போட்டுக்கொண்டே பயிற்சி செய்யுங்கள், ஆப்பில் கோணம் தெரியும்" என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் வந்துவிட்டது. பக்கவாதம் வந்தவருக்கு இரண்டு மணிக்கட்டிலும் வாட்ச் போல ஒன்று. இதய அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை. திரையில் 94 டிகிரி, 61 சதவீதம், 112 துடிப்பு என்று எண்கள் ஓடுகின்றன. நேற்று 94 காட்டியது இன்று 88 காட்டினால் வீட்டில் எல்லோருக்கும் கலக்கம். கால் மோசமாகிவிட்டதா, பட்டை நழுவிவிட்டதா?

பட்டைக்குள் என்ன இருக்கிறது, அது எதை நேரடியாக அளக்கிறது, எதைக் கணக்குப் போட்டு ஊகிக்கிறது என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: திரையில் தெரிகிற அந்த எண்ணை எந்தச் சென்சாரும் அப்படியே அளப்பதில்லை.

## முடிவது வேறு, செய்வது வேறு

பிசியோதெரபிஸ்ட் நோயாளியோடு இருப்பது அரை மணி, முக்கால் மணி நேரம். பல வீடுகளில் அதுவும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடியே வருகிறது. வந்தாலும், ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்கு நோயாளியின் வாய்வார்த்தைதான் சாட்சி. "தினமும் செஞ்சேன் சார்" என்பார். செய்திருப்பார். எத்தனை முறை, எவ்வளவு தூரம் மடக்கினார் என்பது அவருக்கே நினைவிருக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட உடல் செயல்பாடு பற்றிய வகைப்பாட்டில் இரண்டு விஷயங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. சோதனைச் சூழலில் ஒருவரால் என்ன செய்ய முடிகிறது என்பது ஒன்று. தன் வீட்டில், தன் போக்கில் அவர் என்ன செய்கிறார் என்பது இன்னொன்று. பயிற்சி மேசையில் அளப்பது முதலாவதை. வாழ்க்கை நடப்பது இரண்டாவதில்.

வலது கை பலவீனமான ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி அறையில் வலது கையால் மரக்கட்டையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுக் காட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் இடது கையில் ஸ்பூன். சட்டைப் பொத்தான், குவளை, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் இடது கைதான். வலது கை மடியில் கிடக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டாப் இந்த நிலையைக் குரங்குகளில் பார்த்து விளக்கினார். பாதிப்பு வந்த புதிதில் அந்தக் கையால் முயன்றால் தோல்வி, நல்ல கையால் செய்தால் வேலை உடனே முடிகிறது. நரம்பு ஓரளவு தேறிய பிறகும் பழக்கம் தேறுவதில்லை. கை ஒதுக்கப்பட்டே இருக்கிறது.

பயிற்சி நேரத்திலேயே எவ்வளவு அசைவு நடக்கிறது என்று யாராவது எண்ணியிருக்கிறார்களா? கேத்தரின் லாங் தலைமையிலான குழு அமெரிக்காவிலும் கனடாவிலும் 300க்கு மேற்பட்ட பக்கவாத மறுவாழ்வு அமர்வுகளில் உட்கார்ந்து எண்ணி 2009இல் வெளியிட்டது. கைக்கான பயிற்சி நடந்த அமர்வுகளில், பொருளுள்ள கை அசைவுகளின் சராசரி 32. நடைப் பயிற்சியில் சராசரி 357 அடிகள். மூளை தன்னைத் திருத்திக்கொள்கிறதா என்று பார்க்க ஆய்வகங்களில் விலங்குகளுக்குத் தரும் பயிற்சியில் ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான முறை அசைவு நடக்கும். 32 என்பது எவ்வளவு குறைவு என்று இதிலிருந்தே தெரியும்.

அதே ஆய்வுக் கூடத்திலிருந்து 2017இல் வந்த முடிவு இன்னும் சங்கடமானது. 70க்கு மேற்பட்டவர்களுக்கு வாரக்கணக்கில் தீவிரமான கைப் பயிற்சி கொடுத்தார்கள். சோதனை மேசையில் அவர்களுடைய மதிப்பெண் கூடியது. மணிக்கட்டில் கட்டிய சென்சாரோ, வீட்டில் அந்தக் கையின் பயன்பாடு கூடவில்லை என்று காட்டியது. பட்டை கட்டாமல் இருந்திருந்தால் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள். இந்தச் சாதனங்களின் நிஜமான பயன் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அழகான வரைபடமும் தினசரிப் பாராட்டுச் செய்தியும் கொசுறு.

## பட்டைக்குள் என்ன இருக்கிறது

அசைவை அளக்கும் பட்டைகளில் பெரும்பாலும் மூன்று சில்லுகள் சேர்ந்து வேலை செய்யும். இதே மூன்றும் பல செல்போன்களிலும் இருக்கின்றன.

1. முடுக்கமானி. சிலிக்கனில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய எடை ஒன்று, அதைப் பிடித்திருக்கும் நுண்ணிய வில்கள். பட்டை அசையும்போது எடை சற்றுப் பின்தங்கும்; அதனால் பக்கத்துத் தகடுகளோடு உள்ள மின்தேக்கம் (மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் திறன்) மாறும். மாறிய அளவை வைத்து முடுக்கம் தெரியும். மேசைமேல் சும்மா வைத்தாலும் இது பூஜ்யம் காட்டாது. புவியீர்ப்பைத் தாங்கிக்கொண்டிருப்பதால் விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் என்று காட்டும். இது குறை இல்லை, வசதி. எந்தப் பக்கம் கீழ் என்று இதை வைத்துத்தான் பட்டை அறிகிறது.

2. சுழல்மானி. எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தெரிய வேகத்தைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். அங்கேதான் தொல்லை. விநாடிக்கு 0.1 டிகிரி தவறு இருந்தால் ஒரு விநாடியில் யாருக்கும் தெரியாது. 10 நிமிடத்தில் அது 60 டிகிரி. கால் அசையாமலே முழங்கால் மடங்கிவிட்டதாகத் திரை சொல்லும்.

3. காந்தமானி. திசைகாட்டி போல வடக்கைத் தேடும். இரும்புக் கட்டில், பீரோ, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாம் இதைக் குழப்பும். அதனால் பல நிறுவனங்கள் மறுவாழ்வுப் பட்டைகளில் இதைப் பயன்படுத்துவதே இல்லை.

ஒன்றின் பலவீனத்தை இன்னொன்றால் சரிக்கட்டுவதுதான் வித்தை. மெதுவான, நீண்ட நேர அளவுக்கு முடுக்கமானியை நம்பலாம். வேகமான, குறுகிய நேர அசைவுக்குச் சுழல்மானியை நம்பலாம். இரண்டையும் எந்த விகிதத்தில் நம்புவது என்று ஒவ்வொரு கணமும் முடிவு செய்யும் கணக்குகளில் புகழ்பெற்றது ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட வடிப்பான் முறை. அப்போலோ விண்கலத்தை நிலவுக்கு வழிநடத்திய அதே கணக்கின் வாரிசுகள்தான் இன்று கூடத்தில் பாயைப் போட்டு முழங்காலை மடக்குபவரின் காலிலும் ஓடுகின்றன.

## பூஜ்யத்தை யார் வைத்தது?

முழங்காலின் கோணத்தை ஒரு பட்டையால் சொல்ல முடியாது. கெண்டைக்காலில் கட்டிய பட்டைக்குக் கெண்டைக்கால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்றுதான் தெரியும். உட்கார்ந்திருக்கிறீர்களா, நிற்கிறீர்களா, தொடை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தொடையில் இன்னொரு பட்டை வேண்டும். இரண்டின் சாய்வுக்கும் உள்ள வித்தியாசம்தான் முழங்கால் கோணம்.

அப்புறம், பட்டையை எலும்பில் யாரும் கட்டுவதில்லை. தோல்மேல், கொழுப்புமேல், தளதளவென்று அசையும் தசைமேல் கட்டுகிறோம். எனவே ஒவ்வொரு முறை அணியும்போதும் கருவி ஒரு தொடக்கப் புள்ளியைக் கேட்கும். "நேராக நில்லுங்கள், மூன்று விநாடி அசையாதீர்கள்" என்று ஆப் சொல்லும். அந்த நிலையை 0 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும்.

இந்த மூன்று விநாடியை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மூட்டு மாற்று சிகிச்சை முடிந்த பலரால் முதல் சில வாரங்களில் முழங்காலை முழுசாக நீட்ட முடியாது. 10 டிகிரி மடங்கியேதான் நிற்பார். ஆப் அதையே 0 என்று பதிந்துகொள்கிறது. இப்போது அவர் உண்மையில் 100 டிகிரி மடக்கினால் திரையில் 90 வரும். அதாவது போகட்டும், மடக்குவதில் 10 குறைத்துக் காட்டினால் மனசு வாடும், அவ்வளவுதான். நீட்டுவதில் இருக்கும் 10 டிகிரி குறை திரையிலிருந்தே மறைந்துபோகிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். நடைக்கு நீட்டல் மிக முக்கியம். கால் முழுசாக நீளாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை கூடுதலாக உழைக்கும், நடை நொண்டும். பிசியோதெரபிஸ்ட் பிளாஸ்டிக் கோணமானியை வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே "குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு நீட்டுங்கள்" என்று சொல்லியிருப்பார்.

நல்ல கருவிகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. சில, பிசியோ அளந்த கோணத்தைத் தொடக்கத்தில் உள்ளிடச் சொல்கின்றன. சில, காலைப் பலமுறை மடக்கி நீட்டச் சொல்லி மூட்டின் அச்சைத் தாமே கண்டுபிடிக்கின்றன. எந்த வழியும் இல்லாத கருவியில் 94க்கும் 88க்கும் உள்ள வித்தியாசம் காலில் இருக்கிறதா, இன்று காலை நின்ற நிலையில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. சரியாகக் கட்டினாலும் இந்தக் கருவிகளுக்கும், பிரதிபலிக்கும் குண்டுகளை உடம்பில் ஒட்டிப் பல கேமராக்களால் அளக்கும் ஆய்வக முறைக்கும் சில டிகிரி வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஒரு நாள் ஏற்றத்தையும் ஒரு நாள் இறக்கத்தையும் பார்த்துப் பதறுவதில் அர்த்தம் இல்லை. வாரத்தின் போக்கைப் பார்க்கலாம்.

## சமிக்ஞை எண்ணாக மாறும் பாதை

எந்தச் சென்சாராக இருந்தாலும் உடம்பிலிருந்து திரை வரை நான்கு படிகள் உண்டு.

1. உணர்தல். ஒளி, மின்னழுத்தம், முடுக்கம், அழுத்தம் போன்ற இயற்பியல் அளவு மின்சமிக்ஞையாக மாறுவது.

2. வடிகட்டல். வேண்டாத இரைச்சலை நீக்குவது. நீக்கும்போது வேண்டியதும் கொஞ்சம் போகும்.

3. ஊகித்தல். "இந்த வடிவம் வந்தால் ஓர் அடி", "இந்தக் குன்று ஒரு துடிப்பு" என்று கணக்குமுறை முடிவு செய்வது.

4. தீர்ப்பு. "இலக்கு எட்டப்பட்டது", "ஆபத்து", "நன்று" என்று நிறம் பூசுவது.

முதல் படியில் இன்று பெரிய தவறுகள் நடப்பதில்லை. சில்லுகள் மலிவாகவும் துல்லியமாகவும் ஆகிவிட்டன. தவறுகள் பெரும்பாலும் மூன்றாவது படியில். ஆரோக்கியமானவர்களின் உடம்பைப் பார்த்துப் பழகிய கணக்கு, நோயாளியின் உடம்பில் சறுக்குகிறது.

எளிய உதாரணம் வாக்கர். வாக்கரைப் பிடித்து நடப்பவரின் மணிக்கட்டு வீசி ஆடுவதில்லை, கம்பியைப் பிடித்தபடியே இருக்கிறது. கையில் கட்டிய வாட்ச் அவரைப் பொறுத்தவரை உட்கார்ந்திருக்கிறார் என்றே எண்ணும். கூடத்திலிருந்து வாசல் வரை நான்கு முறை நடந்து வியர்த்து உட்கார்ந்தவருக்கு "எழுந்து நடமாடுங்கள்" என்று அறிவுரை வரும். அதே வாட்சோடு மேடுபள்ளமான சாலையில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனால் சில அடிகள் இலவசமாகச் சேரலாம். மெதுவாக, காலை இழுத்து நடப்பவருக்கு இடுப்பில் கட்டுவதைவிடக் கணுக்காலில் கட்டுவது மேல்.

## தசையின் மின்சாரம்

தசை சுருங்கும்போது அதன் இழைகளில் மின் அலை ஓடுகிறது. தோல்மேல் ஒட்டிய இரண்டு மின்முனைகளால் அதைப் பிடிக்கலாம். அளவு மைக்ரோவோல்ட் முதல் சில மில்லிவோல்ட் வரை. பயனுள்ள பகுதி பெரும்பாலும் 20 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள், அதாவது விநாடிக்கு 20 முதல் 500 அலைகள். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலும் இதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எனவே இரண்டு முனைகளிலும் பொதுவாக வருவதைக் கழித்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் பெருக்குவார்கள். தசை மின்சாரத்தை எப்படி அளப்பது என்று ஐரோப்பாவில் 1990களில் உருவான சேனியம் பரிந்துரைகள் இரண்டு முனைகளுக்கும் 20 மில்லிமீட்டர் இடைவெளி, தசை இழை ஓடும் திசையில் வைப்பது என்றெல்லாம் வரையறுத்தன.

இதன் மிகச் சிறந்த பயன் மிக எளிமையானது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூட்டில் வீக்கம் இருந்தால், தொடையின் முன்தசையை மூளையும் தண்டுவடமும் சேர்ந்து அடக்கி வைக்கின்றன. தசையில் பழுது இல்லை, ஆணை வந்து சேர்வதில்லை. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து "அமுக்குங்கள்" என்றால் நோயாளி பிட்டத்தை இறுக்குவார், மூச்சை அடக்குவார், முகம் சிவக்கும். தொடை மட்டும் மெத்தென்று கிடக்கும். தொடையில் மின்முனையை ஒட்டி, சிறிய சமிக்ஞை வந்தாலும் பீப் ஒலிக்கும்படி வைத்தால், எதைச் செய்தபோது ஒலித்தது என்று அவரே தேடிக் கண்டுபிடிக்கிறார். கண்ணுக்குத் தெரியாத அசைவுக்குக் காதுக்குக் கேட்கும் பதில்.

சிக்கல் எப்போது வருகிறது? அந்தச் சமிக்ஞையைப் பலம் என்று படிக்கும்போது. திங்கட்கிழமை 300 மைக்ரோவோல்ட், வியாழக்கிழமை 450 என்றால் தசை ஒன்றரை மடங்கு பலமாகிவிட்டது என்று பொருளில்லை. மின்முனை ஒரு விரல் தள்ளி ஒட்டப்பட்டிருக்கலாம். தோல் வறண்டோ வியர்த்தோ இருக்கலாம். வீக்கம் வடிந்து தசை தோலுக்குப் பக்கத்தில் வந்திருக்கலாம். ஆய்வகத்தில் இதைச் சமாளிக்க "முழு பலத்தோடு அமுக்குங்கள்" என்று ஒரு முறை அளந்து, மற்றதை அதன் சதவீதமாகச் சொல்வார்கள். தையல் பிரிக்காத காலில் முழு பலத்தைக் கேட்க முடியுமா? ஆகவே ஒரே அமர்வுக்குள், தசை எழுந்ததா, எப்போது எழுந்தது, எப்போது ஓய்ந்தது என்பதற்கு இதை நம்பலாம். நாளுக்கு நாள் ஒப்பிட்டுச் சதவீதம் தரும் ஆப்பை நான் நம்ப மாட்டேன்.

## இதயத் துடிப்பு: பச்சை விளக்கும் மாத்திரையும்

நடமாடும்போதே இதயத்தைப் பதிவு செய்யும் எண்ணம் பழையது. அமெரிக்காவின் நார்மன் ஹோல்டர் 1940களின் இறுதியில் உருவாக்கிய முதல் கருவி முதுகில் சுமக்கும் மூட்டை, சுமார் 38 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் யாருக்கும் துடிப்பு ஏறத்தான் செய்யும். இன்று நெஞ்சுப் பட்டை இதயத்தின் மின்சமிக்ஞையைப் பிடிக்கிறது. மணிக்கட்டு வாட்ச் பிடிப்பது வேறொன்று: பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்பி, இரத்தம் ஏறி இறங்கும்போது திரும்பி வரும் ஒளி மாறுவதைப் பார்க்கிறது. அசையாமல் இருக்கும்போது இரண்டும் நெருக்கமாக ஒத்துப்போகும். கை ஆடும்போது வாட்ச் தடுமாறும். நிமிடத்துக்கு 110 அடி வைத்து நடந்தால், கை ஆடும் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொண்டு 110 என்று காட்டிவிடும் வாய்ப்பு உண்டு. இதய மறுவாழ்வில் நெஞ்சுப் பட்டையையே விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியும் ஒளியை நம்பியதுதான். 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை வைத்து வெளியான ஓர் ஆய்வு, கருவி "சரி" என்று காட்டியபோதே இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அடிக்கடி இருந்ததைக் காட்டியது. நிறமி ஒளியை விழுங்குகிறது. கருவியைச் சீர்செய்ய எடுத்துக்கொண்ட உடம்புகளில் கருந்தோல் குறைவு. மாநிறமும் கறுப்புமான நம் ஊரில் இந்தச் செய்தி இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

துடிப்பு சரியாகவே அளக்கப்பட்டாலும் நான்காவது படியில், தீர்ப்பில், ஒரு குழி இருக்கிறது. 220லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்று ஆப்கள் எடுத்துக்கொள்ளும். 60 வயதுக்காரருக்கு 160. ஓய்வில் 70 என்றால் இடைவெளி 90. அதில் பாதி 45ஐ 70உடன் கூட்டி, 115ஐ இலக்கு என்று சொல்லும். கார்வோனன் முறை என்று இதற்குப் பெயர். ஆனால் மாரடைப்பு வந்த பலர் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். துடிப்பை ஏறவிடாமல் பிடிப்பதே அதன் வேலை. அவர் மூச்சு வாங்க நடந்தாலும் 100ஐத் தாண்டாமல் இருக்கலாம். "இன்னும் வேகம், இலக்கை எட்டவில்லை" என்று ஆப் விரட்டும். இப்படிப்பட்டவருக்கு மருந்து சாப்பிட்ட நிலையிலேயே செய்த டிரெட்மில் சோதனையை வைத்துத்தான் இலக்கு குறிக்க வேண்டும். அதோடு, ஸ்வீடனின் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான சிரம அளவுகோல் இன்றும் கைகொடுக்கிறது. "எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?" என்று மனிதரிடமே கேட்பது. பேட்டரி தேவையில்லை.

## கால் அழுத்தம், நடைத் தடுக்கம்

எலும்பு முறிவுக்குப் பிறகு "பாதி எடைதான் ஊன்ற வேண்டும்" என்பார்கள். 60 கிலோ ஆளுக்கு 30 கிலோ. வீட்டு எடை மெஷினில் காலை அழுத்தி 30 எப்படி இருக்கும் என்று பழக்குவது வழக்கம். நின்று பழகிய 30, நடக்கும்போது 30ஆக இருப்பதில்லை. சாதாரண நடையிலேயே ஒரு காலில் இறங்கும் விசை உடல் எடையைத் தாண்டும். செருப்புக்குள் வைக்கும் அழுத்தமானித் தகடு வரம்பு மீறும் அந்தக் கணத்திலேயே ஒலி எழுப்பும். கணக்கு எளிது, உடனடிப் பயன். இந்த வகையில் குழப்பம் குறைவு.

பார்கின்சன் நோயில் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும் தடுக்கத்துக்கும் நல்ல கணக்கு உண்டு. நடக்கும் காலின் அசைவு 0.5 முதல் 3 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். உறைந்து நிற்கும்போது கால் நடுங்கும். அது 3 முதல் 8 ஹெர்ட்ஸ். இரண்டின் விகிதத்தைப் பார்த்துத் தடுக்கத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று 2008இல் ஸ்டீவன் மூரும் சகாக்களும் காட்டினார்கள். கண்டதும் காதில் தாளம் தட்டினால் பலருக்குக் கால் மறுபடி எழுகிறது.

## கை அசைந்ததா, வேலை செய்ததா?

பக்கவாதத்துக்கு வருவோம். இரண்டு மணிக்கட்டிலும் பட்டை கட்டி, ஒவ்வொரு கையும் எத்தனை மணி நேரம் அசைந்தது என்று எண்ணி, விகிதம் எடுப்பது பரவலான முறை. ஆரோக்கியமானவர்களிடம் இந்த விகிதம் சுமார் 0.95. அதாவது பழக்கமில்லாத கையும் கிட்டத்தட்ட அதே அளவு உழைக்கிறது. வலது கைக்காரர்கள் பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஒரு கை தேங்காய் துருவும்போது இன்னொரு கை மூடியைப் பிடிக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆனால் அசைவு எல்லாம் வேலை இல்லை. நடக்கும்போது கை தானாக வீசுகிறது; முடுக்கமானிக்கு அதுவும் அசைவுதான். அதனால் காலையில் நிறைய நடந்தவரின் கை "நன்றாகப் பயன்பட்டதாக" வரும். வேலூர் சி.எம்.சி.யின் உயிர்ப் பொறியியல் துறையில் சிவகுமார் பாலசுப்ரமணியன் உள்ளிட்ட குழு, மணிக்கட்டுப் பட்டைகளின் தரவை வைத்துப் பல கணக்குமுறைகளை ஒப்பிட்டு 2022இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. மனிதர்கள் வீடியோவைப் பார்த்து "இது பயன்பாடு, இது வெறும் அசைவு" என்று குறித்ததோடு கணக்குகளை ஒத்துப் பார்த்தார்கள். அசைவின் அளவை மட்டும் எண்ணும் முறை எதையும் விட்டுவிடாது, ஆனால் வேண்டாததையும் சேர்த்துக்கொள்ளும். முன்கை ஏறக்குறைய கிடைமட்டமாக இருக்கும்போது நடக்கும் அசைவை மட்டும் எண்ணும் முறை நடையின் கை வீச்சைத் தள்ளிவிடும், கூடவே உண்மையான வேலையையும் நிறைய விட்டுவிடும். இரண்டையும் கலந்த முறை இடைப்பட்டது. உதாரணங்களைப் பார்த்துத் தானே பழகும் இயந்திரக் கற்றல் முறைகள் மேலாக வந்தன. ஒரே கை, ஒரே நாள், ஒரே பட்டை. கணக்கை மாற்றினால் பதில் மாறுகிறது.

## வாங்கும் முன், நம்பும் முன்

இந்தியாவில் மருத்துவக் கருவிகளுக்கு 2017ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் மென்பொருள் உட்பட நோயறிய, கண்காணிக்க, சிகிச்சைக்கு என்று விற்கும் கருவிகள் எல்லாம் அதன் வரம்புக்குள் வந்தன. ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை நான்கு வகுப்புகள். நிறைய வாட்சுகள் பெட்டியின் அடியில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று பொடி எழுத்தில் போட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அமெரிக்காவில் 2022இல் தொலைநிலை சிகிச்சைக் கண்காணிப்புக்குக் கட்டணக் குறியீடுகள் வந்தபோது, கருவிக்கான கட்டணம் பெற 30 நாளில் 16 நாளாவது தரவு வந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். 16 என்ற எண்ணில் பில்லிங் வாடைதான் அடிக்கிறது. நோயாளிக்கு எத்தனை நாள் அளந்தால் போதும் என்பது வேறு கேள்வி.

கேட்க வேண்டியவை:

1. இது நேரடியாக எதை அளக்கிறது? திரையில் இருப்பது அதிலிருந்து எப்படி வந்தது?

2. தொடக்கப் பூஜ்யம் யார் வைப்பது, ஒவ்வொரு நாளும் மாறுமா?

3. என்னைப் போன்ற நடை, வயது, மருந்து, தோல் நிறம் உள்ளவர்களிடம் சோதிக்கப்பட்டதா?

4. எண்களை யார் பார்க்கிறார்கள்? பிசியோவின் திரையில் போய்ச் சேராத தரவுக்கு ஆப் தரும் நட்சத்திரத்தைத் தவிரப் பயன் இல்லை.

5. தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, நிறுத்தச் சொன்னால் அழிப்பார்களா? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது.

6. பட்டையை யார் கட்டிவிடுவது?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். பக்கவாதத்தில் வலது கை போனவர், இடது கையால் வலது மணிக்கட்டில் பட்டை கட்டிவிடலாம். இடது மணிக்கட்டில் எந்தக் கையால் கட்டுவார்? கொக்கி வைத்த வாட்ச் பட்டியை ஒரு கையால் போட்டுப் பாருங்கள். வெல்க்ரோ வைத்தாலும் வீட்டில் ஒருவர் கைகொடுக்க வேண்டும். அவரே இரவில் இரண்டையும் கழற்றிச் சார்ஜில் போட வேண்டும், காலையில் இடது எது வலது எது என்று மாற்றாமல் கட்ட வேண்டும், வியர்வையில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாரக் கடைசியில் பிசியோவின் திரையில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக 0 என்று இருக்கும். அன்று கை அசையவில்லையா, மகள் ஊருக்குப் போயிருந்தாரா என்று கேட்டால்தான் தெரியும்.